இருபத்தெட்டு அடியில் நிறுத்தியிருக்கலாம்

முத்தாலங்குப்பம்
3.6.2001

போர்வெல் முதலாளி ஜீவானந்தம் அவர்களுக்கு உங்கள் மனைவி சரளா எழுதிக்கொண்டது.

நீங்கள் சௌக்கியமா என்று கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன். இங்கே அம்மா, லோகு அண்ணன், நான் மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். காப்பிதான் உப்புக் கரிக்கிறது.

நேற்று சாயந்திரம் முத்தாலம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. நீங்கள் வராமல் போனது நல்லதுதான். வந்திருந்தால் அண்ணனே உங்கள் மேல் கை வைத்திருப்பார். தலைவர் துளசிங்கம் எழுந்து, "மாப்ளன்னு மாலை போட்டு இட்டாந்தோம். ஊருக்கு சும்மா போர் போட்டுத் தரேன்னாரு. கடல இட்டாந்து கெணத்துல வுட்டுட்டுப் பூட்டாரு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. தீர்ப்பு இதுதான்: ஊர்க் கிணறு பழையபடி நல்ல தண்ணீராகும் வரை நீங்களும் போர் போடுகிற உங்கள் ரிக் வண்டியும் குப்பத்து எல்லைக்குள் வரக்கூடாது. குப்பத்தார் யாரும் உங்களோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"அந்த ஆளு கையக் கழுவிகினு பூட்டா இன்னா பண்றது? யாரு பொறுப்பு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நான் எழுந்து நின்றேன். "நான் பொறுப்பு. கெணறு சரியாவற வரைக்கும் இந்த ஊர வுட்டு நகர மாட்டேன். அவரு சரி பண்ணுவாரு" என்றேன். அந்தக் கடைசி வார்த்தை உண்மையா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

எழுதலாமா என்று அப்போதே கேட்டுவிட்டேன். பேசக்கூடாது என்றுதானே தீர்ப்பு? தலைவர் ரொம்ப நேரம் மீசையைத் தடவிவிட்டு, "எழுதறது வாய்ப்பேச்சு இல்ல. எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டார். அதனால் பூத்துக்கு போன் பண்ணிக் கூப்பிடாதீர்கள், நான் வர மாட்டேன். கங்கையம்மாள் அக்கா தினமும் சேலையூருக்கு மீன் கொண்டுவருகிறார் அல்லவா, அவர் இந்தக் கடிதத்தை உங்கள் கேட்டில் செருகிவிட்டு வாயைத் திறக்காமல் போவார். பதிலையும் அங்கேயே செருகி வையுங்கள்.

இன்னும் ஒன்று. திட்டாமல் முடிக்க என்னால் முடியாது. இருபத்தெட்டு அடியில் தண்ணீர் வந்தபோது நான் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "நல்லா இருக்குங்க, போதும், நிறுத்துங்க" என்றேனா இல்லையா? "முந்நூறு அடி போடற ஆளு நான், இருபத்தெட்டுல நிறுத்தினா ஊரே சிரிக்கும்" என்றீர்கள். அறுபது அடிக்குப் பக்கத்தில் கருப்புக் களிமண் வந்தது. அதற்குக் கீழே சிப்பி ஓடாக வந்து கொட்டியது. "சிப்பி வருதுங்க" என்று ஓடி வந்தேன். "புது மணப்பெண்ணுக்குக் கம்மல் செய்யலாம்" என்று கிண்டல் பண்ணினீர்கள். நூற்றுப் பத்து அடி போனீர்கள். பத்தாம் நாள் போர்த் தண்ணீர் உப்பு. இருபதாம் நாள் பக்கத்திலிருந்த ஊர்க் கிணறும் உப்பு. இப்போது ஊர் சிரிக்கவில்லை, அழுகிறது.

உங்களுக்காகப் பிணை நிற்கும்,
சரளா


சேலையூர்
8.6.2001

அன்புள்ள சரளாவுக்கு,

கடிதம் வஞ்சிர வாசனையோடு வந்து சேர்ந்தது. கங்கையம்மாள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாள். அம்மாவிடம் மட்டும் அரை மணி நேரம் சங்கரா மீனுக்கு வாயாடினாள்.

என்னை ஏதோ கொலைகாரன் மாதிரி எழுதியிருக்கிறாய். நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? கல்யாணத்தன்று உன் ஊர்ப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றதைப் பார்த்தேன். கோடையில் கிணறு சேற்றோடு கிடந்தது. மாப்பிள்ளை முறைக்கு நான் செய்கிற முதல் காரியம் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குக் கிடைத்த மரியாதை ஊர்விலக்கு.

தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், எங்கே வேண்டுமானாலும் கேட்டுப் பார். ஜீவா போட்ட போர் தோற்றதில்லை. எங்கள் பக்கம் எல்லாம் பாறை. பாறையை உடைத்து ஆழம் போகிறவனுக்குத்தான் தண்ணீர். ஐம்பது அடியில் நிறுத்தியவன் எல்லாம் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். உன் ஊரிலும் உப்புக்குக் கீழே நல்ல தண்ணீர் நிச்சயம் இருக்கும். பெரிய கம்ப்ரசர் ஒன்று பேசி வைத்திருக்கிறேன். வண்டியை மட்டும் உள்ளே விடச் சொல், இருநூற்றைம்பது அடி போய்க் காட்டுகிறேன்.

இல்லையென்றால் பிணை கிணை எல்லாம் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடு. என்னை அவமானப்படுத்திய ஊருக்காக நீ ஏன் கிடந்து சாக வேண்டும்? கல்யாணமாகி முழுசாக எட்டு மாசம் ஆகவில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது. அம்மா மட்டும், "அங்கயே இருக்கட்டும் விடுடா, அவங்க ஊரு, அவங்க தண்ணி" என்கிறாள். அவள் பேச்சை நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன்
ஜீவா


முத்தாலங்குப்பம்
17.6.2001

என் வீட்டுக்காரருக்கு,

வர மாட்டேன். பெரிய கம்ப்ரசர் வந்தால் வண்டிக்குக் குறுக்கே படுத்துக்கொள்வேன். முதலிலேயே இதை எழுதிவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள்.

இங்கே எப்படி நாள் போகிறது தெரியுமா? வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் லாரி வருகிறது. வந்தால் சண்டை, வராவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை. கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு போட்டால் அரை நாள் எரித்தாலும் கல்லாகவே கிடக்கிறது. டீக்கடையில் பால் திரிந்து போகிறது. என் பக்கத்தில் குடத்தோடு நிற்கிற பெண்கள் என்னிடம் உங்களைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டினால் நானும் பதிலுக்குத் திட்டுவேன்.

லாரி வராத நாளில் சவுக்குத் தோப்பில் மணலைக் கையால் பறித்து ஊற்றுத் தோண்டுகிறோம். கடல் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் இடுப்பளவு பள்ளத்தில் நல்ல தண்ணீர் கசிந்து வருகிறது. இதைச் சின்ன வயசிலிருந்து செய்திருக்கிறேன், இப்போதுதான் நின்று கவனித்தேன். கொட்டாங்கச்சியால் மெதுவாக மொண்டால் நாள் முழுக்க நல்ல தண்ணீர். அவசரப்பட்டு வாளியால் மொண்டால் பத்தாவது வாளியிலேயே கரிக்கிறது. பள்ளத்தை இன்னும் ஒரு முழம் பறித்தால் உடனே கரிக்கிறது. மூன்று நாள் மூன்று இடத்தில் பார்த்துவிட்டேன்.

அப்படியென்றால் நல்ல தண்ணீர் மேலேதான் இருக்கிறது, உப்பு அதற்கு அடியில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பாறையின் நியாயம் எங்கள் மணலுக்குச் செல்லாது. நீங்கள் கீழே போய் எதைக் கிளப்பிவிட்டீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். இன்னொரு ஓட்டை போடுகிற பேச்சை விட்டுவிட்டு, போட்ட ஓட்டையைப் பற்றி யோசியுங்கள்.

வீடு வெறிச்சென்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான். அதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும், கோபத்தில் விட்டுப்போயிற்று.

சரளா


சேலையூர்
2.7.2001

சரளா,

ஒரு வாரம் உன் கடிதத்தின் மேல் கோபமாக இருந்தேன். கொட்டாங்கச்சியை வைத்து எனக்குப் பாடம் சொல்கிறாள் என்று. நேற்று ஞாயிற்றுக்கிழமை, உட்கார்ந்து என் போர் நோட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு போருக்கும் எந்த அடியில் என்ன மண் வந்தது என்று குறித்து வைக்கிறது என் வழக்கம். உன் ஊர் போரைக் குறித்த பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: பதினெட்டு முதல் முப்பது வரை மணல், தண்ணீர். ஐம்பத்தெட்டு முதல் அறுபத்தொன்பது வரை கருங்களி. எழுபதில் சிப்பி, தண்ணீர் தானாக மேலேறியது.

தானாக மேலேறியது. அதை எழுதியவனும் நான்தான், அதைப் பார்த்து "பிரஷர் பிரமாதம்" என்று கை தட்டியவனும் நான்தான். அந்தக் களிமண் ஒரு மூடி, சரளா. உப்பை அதுதான் கீழே அழுத்தி வைத்திருந்தது. அந்த மூடியில் ஓட்டை போட்டது நான். உப்பு என் பைப்பைச் சுற்றி மேலேறி வந்து உங்கள் கிணற்றில் கலக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. நீ சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இனி செய்ய வேண்டியது. அந்த போரை அடியிலிருந்து களிமண்ணால் அடைத்துக்கொண்டே வர வேண்டும். பைப்பை ஒரேயடியாக உருவினால் மணல் சரிந்து மூடிக்கொள்ளும், களிமண் கீழே போகாது. இரண்டு அடி பைப்பை இழு, ஒரு கூடை களிமண் உருண்டையைப் பைப்புக்குள் போடு, நீளக் கம்பியால் இடி. மறுபடி இரண்டு அடி. ஐம்பத்தெட்டு அடி வரைக்கும் இப்படி. அதற்கு மேல் சிமெண்ட். வாழ்க்கையில் நான் போரைப் போட்டிருக்கிறேனே தவிர ஒன்றைக்கூட மூடியதில்லை. இதை நானே செய்ய வேண்டும், ஆனால் உள்ளே வர முடியாது. உன் அண்ணனைக் கேட்டுப் பார். படகு இழுக்கிற கயிறும் ஆளும் உங்களிடம் இருக்கிறது.

களிமண்ணை எங்கள் ஏரியிலிருந்து லாரியில் கொண்டுவந்து ரோட்டோரம் எல்லைக்கு வெளியே கொட்டுகிறேன். என்னை மன்னி என்று கேட்கவில்லை. வேலை முடியட்டும்.

ஜீவா


முத்தாலங்குப்பம்
13.8.2001

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு வாரம் முந்தியே எழுதியிருக்க வேண்டும். கயிறு இழுத்து உள்ளங்கை இரண்டும் கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை. போரை அடைத்த அன்றைக்கு நீங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் லாரி மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் பார்த்தீர்கள். ஆனால் இங்கே யார் என்ன பேசினார்கள் என்று உங்களுக்குக் கேட்டிருக்காது, அதனால் சொல்கிறேன்.

அதற்கு முந்தின மூன்று நாளும் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் தோப்பில் உட்கார்ந்து களிமண் உருட்டினோம். சாத்துக்குடி அளவில் இரண்டாயிரத்துச் சொச்சம் உருண்டை. மீன் கூடையில் போட்டு நிழலில் காய வைத்தோம். முதல் நாள் பத்துப் பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் வராத வீடு இல்லை. அன்றுதான் ஒருத்தி என்னைப் பார்த்து, "உன் வூட்டுக்காரனுக்கு மூள இப்பதான் வேல செய்யுது போல" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டு வாங்க அவ்வளவு ஏங்கியிருந்தேன்.

பைப்பை இழுக்க அண்ணன் சவுக்குக் கழி மூன்றை நட்டுக் கப்பி கட்டினார். எப்போது நிறுத்துவது என்று நான் சிவப்புத் துண்டைத் தூக்கிக் கேட்பேன், நீங்கள் லாரி ஹாரனை அடித்துச் சொல்வீர்கள் என்று எழுதி முடிவு பண்ணினோமே, முதல் ஹாரன் அடித்ததுமே சண்டை கிளம்பிவிட்டது. "ஹாரன் அடிக்கிறது பேச்சுதான், தீர்ப்ப மீறிட்டாங்கோ" என்று இரண்டு பேர் குதித்தார்கள். எல்லோரும் கயிற்றைப் பிடித்தபடி நிற்க, தலைவர் நடுவில் நின்று யோசித்தார். "லாரிய நாம தள்ளி வைக்கல. அது பேசினா குத்தம் இல்ல. இழுங்கடா" என்றார்.

கரைவலை இழுக்கும்போது போடுகிற குரலையே போட்டு இழுத்தார்கள். இரண்டு அடி, ஒரு கூடை, இடி. காலையில் ஆரம்பித்தது பொழுது சாயத்தான் முடிந்தது. கடைசிப் பைப் துண்டு வெளியே வந்ததும் ஊரே கத்தியது உங்களுக்குக் கேட்டிருக்கும். நீங்கள் லாரி மேல் நின்று துண்டை வீசியதை நான் பார்த்தேன். ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் இவ்வளவு தூரத்தில் நிற்கிறாரே என்று வயிற்றெரிச்சல்.

கிணறு இன்னும் உப்புதான். நேற்று ஆடிக் கூழ் ஊற்றினோம், லாரித் தண்ணீரில் காய்ச்சி. அம்மனுக்கு லாரித் தண்ணீரா என்று தலைவர் முகம் சுருங்கிப் போயிற்று. கிணற்றை எப்படித் தேற்றுவது, எழுதுங்கள்.

சரளா


சேலையூர்
18.8.2001

என் சரளாவுக்கு,

கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. நான் அன்றைக்கு லாரி மேலிருந்து இறங்க மனசில்லாமல் இருட்டும் வரை நின்றேன். இருபத்தைந்து பேர் கயிற்றில் இழுக்க, அதில் உன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிணற்றுக்கு இனி அவசரம் ஆகாது. உள்ளே கலந்த உப்பை மெதுவாக எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு குடம். காலையில் ஐம்பது, சாயந்திரம் ஐம்பது, ஒரு குடம்கூட அதிகம் வேண்டாம். வேகமாக இறைத்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொன்னவளே நீதான். இறைத்த தண்ணீரைக் கடலில் கொட்டுங்கள், கிணற்றடியில் கொட்டினால் அதுவே திரும்ப உள்ளே போகும். சுற்றிலும் வரப்புக் கட்டி வையுங்கள், மழைத் தண்ணீர் அங்கேயே நின்று இறங்கட்டும்.

ஒன்று மட்டும் சத்தியமாகக் கேட்கிறேன். புரட்டாசியில் தண்ணீர் இன்னும் கீழே போகும். அப்போது யாராவது கிணற்றை ஆழப்படுத்தலாம் என்று கிளம்புவான். விடாதே. அந்தப் புத்தி எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும், எனக்கே இருந்தது.

உன்
ஜீவா


முத்தாலங்குப்பம்
24.9.2001

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சொன்ன மாதிரியே கிளம்பினார்கள். கிளம்பியது வேறு யாரும் இல்லை, லோகு அண்ணன்தான். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. நேற்று காலை கடப்பாரை, கூடையோடு ஆறு பேர் வந்துவிட்டார்கள். "நாலடி எறக்குனா குபுகுபுன்னு வரும்" என்கிறார் அண்ணன். நான் சொன்னேன், களிமண் உருட்டியதை நினைவுபடுத்தினேன், ஊற்றுப் பள்ளத்தைக் காட்டுகிறேன் என்றேன். "பொம்பளைக்கு இன்னா தெரியும் கெணத்தப் பத்தி" என்றார்கள். தினம் நூறு குடம் இறைப்பது யாராம்?

பேசிப் பிரயோசனமில்லை என்று தெரிந்ததும் புடவையைச் செருகிக்கொண்டு படியில் இறங்கி, கிணற்றுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வரை தண்ணீர். அண்ணன் மேலிருந்து எட்டிப் பார்த்து, "ஏய் சரளா, பேஜார் பண்ணாத, மேல வா" என்று கத்தினார். "தோண்டறதுன்னா என் தல மேல தோண்டு" என்றேன்.

இரண்டு மணி நேரம். குளிர் எடுத்துவிட்டது. மீன் விற்றுத் திரும்பிய கங்கையம்மாள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வாளியில் ஒரு டம்ளர் டீ இறங்கி வந்தது. அண்ணாந்து பார்த்தால் கிணற்றைச் சுற்றி முழுக்கப் பெண்கள். அக்கா அவர்களைப் பார்த்து, "அவ எறங்கனா மாதிரி நாமளும் ஒவ்வொருத்தியா எறங்கலாம். கெணறு ரொம்பி வழியட்டும், அப்புறம் இவனுங்க தோண்டட்டும்" என்றார். அவ்வளவு பேரும் சிரித்த சிரிப்பு கிணற்றுக்குள் எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா! ஆண்கள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வலை பின்னப் போய்விட்டார்கள். இரவு அண்ணன் என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே, "ஜொரம் கிரம் வந்துடப் போவுது" என்றார். அவருக்கு அவ்வளவுதான் வரும்.

சரளா


சேலையூர்
2.10.2001

என் சரளாவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். ஐந்தாம் முறை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது.

நீ நிறுத்தச் சொன்ன இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் நீ அந்தத் தண்ணீரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கூடவே ஒரு பெருமை. இப்படி ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாளே என்று.

போன வாரம் கடற்கரை ஓரம் பங்களா கட்டுகிற ஒருவர் வந்தார். நூற்றைம்பது அடி வேண்டும் என்றார். கையாலேயே இருபத்தைந்து அடி போட்டுத் தருகிறேன், அதற்கு மேல் போக மாட்டேன் என்றேன். "உன் வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றார். "வண்டிக்கு ஒன்றுமில்லை சார், எனக்குத்தான் புத்தி வந்துவிட்டது" என்றேன். வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார். போகட்டும்.

உன்
ஜீவா


முத்தாலங்குப்பம்
20.12.2001

அன்புள்ள உங்களுக்கு,

மழை! இந்த வருஷம் மழைத் தண்ணீர் எங்கள் வரப்பு முழுக்க நின்று, மணலில் இறங்கி, கிணற்றில் பதினோரு உறை உயரத்துக்கு ஏறிவிட்டது. போன வாரம் அம்மா கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு போட்டாள். அது எப்போது வேகப்போகிறது என்று நான் துணி துவைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் குழைந்து கிடக்கிறது! மத்தே வேண்டாம், கரண்டியால் மசித்தேன். அம்மாவும் நானும் வெறும் பருப்பையே ஆளுக்கு ஒரு கிண்ணம் சாப்பிட்டோம். அரை மணியில் எல்லா வீட்டு அடுப்பிலும் பருப்பு.

தலைவர் வந்து மூன்று முறை குடித்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார் பாருங்கள்: "எனக்கு இனிக்கீது. ஆனா எட்டு மாசமா உப்பக் குடிச்சிகினு கீற நாக்கு இது. இத்த நம்பி எப்டி தீர்ப்பு சொல்றது? வெளியூரு நாக்கு வந்து சொல்லணும்." எனக்குக் கோபம். ஆனால் யோசித்தால் நியாயம்தான். எங்களுக்கே எது நல்ல தண்ணீர் என்று மறந்து போயிருக்கிறது.

முடிவு இதுதான். மாசி மகத்துக்கு உங்கள் சேலையூர் செல்லியம்மன் கடலாட எங்கள் கரைக்குத்தான் வருகிறாள். அம்மனுக்கு முன்னால் கலசம் தூக்கி வருகிற பெண் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் நீங்கள் உள்ளே வரலாம், நான் விடுபட்டேன். உப்பு என்றால் இன்னும் ஒரு வருஷம்.

கலசம் தூக்கி வருவது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உங்கள் அம்மா. நம் கல்யாணத்தில் இந்தக் குப்பத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போன அத்தை. எனக்குப் பயமாக இருக்கிறது.

சரளா


சேலையூர்
22.2.2002

என் சரளாவுக்கு,

அம்மாவிடம் தீர்ப்பு விஷயத்தை மட்டும் சொன்னேன். "உப்பா இருந்தா உப்புன்னுதான் சொல்லுவேன். உம் பொண்டாட்டிக்காக அம்மன் முன்னாடி பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். குடிப்பாளா என்பதே சந்தேகம். அவர்கள் மீனை வாங்கித் தின்கிற வாய்க்கு அவர்கள் தண்ணீர் ஆகாதா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. நல்லதாகச் சொல்லம்மா என்று காலில் விழவும் தோன்றியது. விழவில்லை. சொல்லிக்கொடுத்து வாங்கிய தீர்ப்பு உனக்கு வேண்டியிருக்காது. எனக்கும் வேண்டாம். நூறு குடம் நூறு குடமாக நீங்கள் இறைத்த தண்ணீர் தனக்காகத் தானே பேசட்டும்.

மகத்தன்று அம்மனோடு நானும் வருகிறேன், எல்லை வரைக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேன் பக்கத்தில் நிற்பேன்.

உன்
ஜீவா


முத்தாலங்குப்பம்
27.2.2002, மாசி மகம், மத்தியானம்

என் ஜீவாவுக்கு,

கிணற்றுச் சுவரில் நோட்டை வைத்து எழுதுகிறேன். கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மன் கடலாடிக் கரையேறியதும் அத்தை ஈரப் புடவையோடு கிணற்றடிக்கு வந்தார். சுற்றிலும் இரண்டு ஊர்க் கூட்டமும். நான்தான் சேந்தி, சொம்பில் கொடுத்தேன். அத்தை என் முகத்தையே பார்த்தார். கறுத்து இளைத்துப் போயிருக்கிறேன், அதைப் பார்த்தாரோ என்னவோ. சொம்பை வாங்கி, உதட்டில் படாமல் உயரத் தூக்கி, அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டார். கண்ணை மூடினார்.

"சொல்லும்மா, எப்டி கீது?" என்றார் தலைவர்.

அத்தை மறுபடி சொம்பைத் தூக்கினார். இந்தத் தடவை உதட்டில் வைத்துக் குடித்தார். எல்லோரும் பார்க்க, வாய் வைத்து, நிறுத்தாமல், சொம்பு காலியாகிற வரைக்கும்! வாயைத் துடைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்து, "எங்க வீட்ல எம் புள்ள முந்நூறு அடி போட்டு வெச்சிருக்கான். அந்தத் தண்ணி இதுக்குக் கிட்ட நிக்காது" என்றார். அப்புறம் குரலை உயர்த்தி, "எம் மருமகள ஒம்போது மாசமா வெயில்ல காயப் போட்டு வெச்சிருக்கீங்களே, அனுப்பி வைங்கய்யா" என்றார். மருமகள் என்று அவர் வாயால் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

அதற்கு மேல் ஒரே கூச்சல், குலவை. அண்ணன் அழுகிறார், மூக்கைச் சிந்துகிற மாதிரி நடிக்கிறார். பெண்கள் உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சேந்திச் சேந்தி ஊற்றுகிறார்கள், வரிசை தோப்பு வரைக்கும் நிற்கிறது. தலைவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: தீர்ப்பு முடிந்தது. ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கச் சொன்னார். வடக்கே இரண்டு குப்பத்தில் ஆழ போர் போட்டு இதே மாதிரி உப்பாகிக் கிடக்கிறதாம். அந்த ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். நீங்களும் நானும் போகிறோம் என்று உங்களைக் கேட்காமலேயே ஒத்துக்கொண்டேன்.

உங்களைக் கூட்டி வர ஆள் அனுப்புகிறேன் என்றார் தலைவர். வேண்டாம், இத்தனை நாள் எழுத்தில் இருந்தோம், கூப்பிடுவதும் எழுத்தில் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். கங்கையம்மாள் அக்கா புறப்பட்டு நிற்கிறார்.

நீங்கள் வேன் பக்கத்தில் நிற்பது இங்கிருந்து தெரிகிறது. ஒன்பது மாசமாக உங்கள் குரலை நான் கேட்கவில்லை. படித்து முடித்ததும் ரோட்டைத் தாண்டுவதற்கு முன்னால், அங்கிருந்தே என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சத்தமாக. இரண்டு ஊரும் கேட்கட்டும்.

உங்கள்
சரளா